மூன்றாம் எண் குளிரறை

பனியைத் தாங்கும் என்று சீட்டில் எழுதியிருந்தது.
மைனஸ் முப்பதிலும் சாகாதாம்.
தாங்கும் என்றால்
அது இல்லாமல் முடியாது என்றும் பொருள்.
சோஹாரில் இரண்டு கோடை கழிந்த பிறகே
எங்களுக்கு விளங்கியது.

இரண்டு கொடிகள். கிவி,
ஆனால் கடையில் பார்க்கும் முடி போர்த்த கிவி அல்ல;
திராட்சையைவிடச் சற்றே பெரிதாய், மழமழவென்று,
தோலோடு கடித்துத் தின்கிற ஜாதி.
தொட்டிகளில் மார்க்கரால் ஜெனோவா எழுதினாள்:
ஆ. பெ.
வெயிலில் கொம்பு அழிந்து
'பெ' கொஞ்ச நாள் வெறும் 'ப' ஆக நின்றது.

பந்தலுக்கு வீட்டுக்காரர் கல்ஃபான்
பேரீச்ச மட்டைகள் தந்தார்.
"எலுமிச்சை வை, பிழைக்கும்" என்றார்.
ஒரு மாதம் கழித்து அவரே வந்து
கொடி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று
குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

சுற்றியது, நன்றாகவே.
இலைகள் வந்தன, ஓரம் கருகின, மறுபடி வந்தன.
பூ மட்டும் இல்லை.
டிசம்பரிலும் இலை உதிர்க்காமல்
விழித்தே கிடந்தன இரண்டும்,
இரவு டியூட்டிக்காரனைப் போல.

அப்போதுதான் என் வேலை எனக்கு ஞாபகம் வந்தது.
பதினொரு வருஷமாக நான் பழுதுபார்ப்பது குளிரைத்தான்:
கம்ப்ரஸர், காயில், கேஸ் கசிவு, கதவு ரப்பர்.
காரட்டுக்கும் கோழிக்கும் வெண்ணெய்க்கும்
பனிக்காலம் செய்து தருகிறவன்
வீட்டில் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இலைகளைக் கையால் உருவிவிட்டு
மொட்டைக் கொடிகளை மீன் வண்டியில் ஏற்றினோம்.
ஷம்ஸீர் ஒரு ரியால் வாங்கிக்கொண்டான்.
மூன்றாம் எண் அறை, நான்கு டிகிரி.
"ஆப்பிள் அறை வேண்டாம்" என்றான் தன்பகதூர்.
"ஆப்பிள் மூச்சுவிட்டால் பக்கத்தில் எதுவும் தூங்காது."
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தோம்.

வெப்பப் பதிவேட்டில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு,
யாரும் நிரப்பாத கட்டம்.
அதில் தினமும் எழுதினேன்:
தூக்கம் 24 மணி.
தூக்கம் 48.
தூக்கம் 72.
சாப்பாட்டு இடைவேளையில் போய்
நகத்தால் ஒரு கீறல்.
உள்ளே பச்சை. கதவைச் சாத்திவிட்டு வருவேன்.

தணிக்கைக்கு வந்தவர்
எழுநூற்று இருபதில் விரல் வைத்து
"என்ன இது?" என்றார்.
அழைத்துப்போய்க் காட்டினேன்.
டார்ச் வெளிச்சத்தில் இரண்டு குச்சிகள்.
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
நெடுநேரம் பார்த்தார்.
'உணவுப்பொருள் அல்லாதது. அகற்றவும்.
கெடு: இருபது நாள்.'
எனக்கு வேண்டியிருந்தது பதினைந்துதான்.

மார்ச்சில் ஆண் பூத்தது.
வெள்ளை, நடுவில் கறுப்புத் தூள்.
பெண் வெறும் இலையாக இருந்தது.
ஆண்பூ உதிர்வதற்குள் தூளைத் தட்டி
மாத்திரைக் குப்பியில் அடைத்து
ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தாள் ஜெனோவா.
ஒன்பது நாள் கழித்து, மறுபக்கம்,
ஒரே ஒரு பூ.
புருவம் தீட்டும் பிரஷ்ஷால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினாள்.
நான் குடை பிடித்தேன்,
மழைக்கல்ல, கடற்காற்றுக்கு.

காய் ஒன்று.
கோலிக்குண்டு அளவுக்கு வந்தது.
மே பதினேழு, நாற்பத்தாறு டிகிரி.
கல்ஃபான் ஈரச்சாக்கு கொண்டுவந்து
பந்தலின் மேற்குப் பக்கம் கட்டிவிட்டுப் போனார்.
மறுநாள் விழுந்தது.

குறுக்கே வெட்டினோம்.
நடுவில் வெள்ளை நட்சத்திரம்,
சுற்றிலும் கறுக்காத விதைகள்.
எண்ணினாள்: இருபத்தாறு.
புளிப்புக்கூட ஏறவில்லை, பச்சை வாசம் மட்டும்.
பாதியைக் கல்ஃபானுக்குக் கொடுத்தோம்.
மென்றார். யோசித்தார்.
"எலுமிச்சை" என்றார்.

நவம்பர் வருகிறது.
தொட்டியில் அழிந்த கொம்பை ஜெனோவா
இந்த முறை பெயிண்டால் போட்டிருக்கிறாள்.
ஷம்ஸீர் இரண்டு ரியால் கேட்கிறான்.